28 கரண்ட் வைத்தும் கட்டி ஏன் கரையவில்லை?

மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை (பேச்சுவழக்கில் ‘கரண்ட்’) முடிந்து மறு ஸ்கேன் பார்க்கும் நாளில் வீட்டார் கேட்பது இதைத்தான்: “டாக்டர், 28 கரண்டும் விடாம வச்சோமே, அப்பாவுக்கு மட்டும் ஏன் கரையல?” சிலருக்கு மெஷின் மேல் சந்தேகம். சிலருக்கு அப்பா தெரியாமல் சாப்பிட்ட கோழிக்குழம்பின் மேல். பாவம், கோழி.

பெருங்குடலின் மற்ற பகுதிகளில் வரும் புற்றுக்கு நாங்கள் பொதுவாகக் கதிர் வைப்பதில்லை. மலக்குடலுக்குத்தான் வைக்கிறோம். தினம் 1.8 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 50.4 கிரே; கூடவே கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை. அதன்பின் அறுவை செய்து எடுத்த குடலைப் பரிசோதித்தால், 100 பேரில் 15 முதல் 20 பேருக்குப் புற்றுச் செல் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. பெரும்பாலோருக்குக் கட்டி ஓரளவு சுருங்கும். சிலருக்கு அசையவே அசையாது.

முக்கியமான காரணம் ஆக்ஸிஜன். கதிர் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது, அந்த உடைசல் மறுபடி ஒட்டாமல் பார்த்துக்கொள்வது ஆக்ஸிஜன். கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக்குழாய்கள் வளர்வதில்லை. குழாயிலிருந்து ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். அங்கே திணறிக்கொண்டிருக்கும் செல்களைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு டோஸ் தேவை. சரி, கூட்டி வைத்தால் என்ன? பக்கத்திலேயே சிறுகுடலும் சிறுநீர்ப்பையும் இருக்கின்றன, அவை தாங்காது.

ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவிவிட்டு, ஹீமோகுளோபின் 7, 8 என்ற நிலையில் வருகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு ரத்தசோகையைச் சரிசெய்த பிறகே கதிர் வைக்க விரும்புவேன். பீடி, சிகரெட்டையும் விடச் சொல்வேன். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தம் சுமக்கும் ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும்.

மற்றவை கட்டியின் பிறவிக்குணம். சில செல்கள் உடைந்த டி.என்.ஏ.வை மளமளவென்று ஒட்டவைத்துக்கொள்ளும். சேதமான செல்லைச் சாகவைக்கும் டி.பி.53 மரபணு கெட்டுப்போன செல்களோ, இவ்வளவு சேதத்துக்குச் செத்திருக்க வேண்டும், சாகாது. நோயாளி கையில் இருப்பது இன்னொன்று: ஊர்த் திருவிழா, மச்சினன் கல்யாணம் என்று நடுவில் நாலு நாள் விடாமல் வருவது. அந்த இடைவெளியில் தப்பிய செல்கள் பெருகிவிடும்.

கோழை சுரக்கும் வகைக் கட்டிகள் தனி ரகம். இவை பொதுவாகக் கதிருக்கு அவ்வளவாக மசியாது. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பழைய அளவிலேயே தெரிந்து, அறுவைக்குப் பின் பார்த்தால் வெறும் கோழை மட்டும் குளம்போலத் தேங்கி, உயிருள்ள செல்லே இல்லாமல் இருப்பதும் உண்டு. படத்தை மட்டும் வைத்துத் தோற்றுவிட்டது என்று சொல்ல நான் தயங்குவது இதனால்தான்.

கதிர் தொடங்கும் முன்பே கேட்க வேண்டியது எம்.எம்.ஆர். பரிசோதனை: டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு கட்டியில் குறைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது. ஏற்கெனவே எடுத்த பயாப்ஸி சதையிலேயே செய்துவிடலாம். இந்தக் குறைபாடு உள்ள கட்டிகள் மலக்குடலில் குறைவுதான். ஆனால் 2022-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் வெளியிட்ட ஆய்வில், டோஸ்டார்லிமாப் என்ற, உடலின் எதிர்ப்பாற்றலைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்தை மட்டும் பெற்ற முதல் 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது. கதிரும் இல்லை, கத்தியும் இல்லை. மருந்தின் விலை பலருக்கு எட்டாது என்பது உண்மை. அதற்காகப் பரிசோதனையையே விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம், கடைசிக் கரண்டுக்கு மறுவாரமே ஸ்கேன் எடுக்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள். செல்கள் சாக நாளாகும். பொதுவாக 8 முதல் 12 வாரம் பொறுத்துத்தான் முடிவு செய்வோம். அப்போதும் கட்டி நின்றால் பெரும்பாலும் அறுவைதான். ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தால் மலம் சேர வயிற்றில் நிரந்தரப் பை வைக்க வேண்டி வரலாம். அதைக் கேட்டுப் பயந்து எழுந்து போய், நாட்டு மருந்து சாப்பிட்டுப் பல மாதம் கழித்துத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. அதற்குள் கட்டி புரோஸ்டேட்டையோ கருப்பையையோ பிடித்திருந்தால், பையோடு முடிந்திருக்க வேண்டிய அறுவை இன்னும் பெரிதாகிவிடும். சிலருக்கு அறுவையே செய்ய முடியாமல் போய்விடும்.