உருகி என்றே எழுதுங்கள்

வால்வு (காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்) வைத்த கிதார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் தமிழ்க் கையேட்டில் 'உயர் இழுவிசை மின்காப்பான்' என்று ஒரு வரி. கிதார் கம்பியை முறுக்கும் சாமான் ஏதோ என்றுதான் யாரும் நினைப்பார்கள். விஷயம் என்னவென்றால், ஹெச்.டி. பியூஸ், அதாவது ஹை டென்ஷன் (உயர் வோல்டேஜ்) லைனில் இருக்கும் பியூஸ்! நாலு வரி தள்ளி ஸ்லோ ப்ளோ பியூஸ் (கொஞ்சம் தாமதித்து உருகுவது) 'மெதுவாக வெடிக்கும் மின்காப்பான்' ஆகியிருந்தது. இந்த மின்காப்பானை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

பியூஸுக்கு மூலம், ஊற்றுதல், உருக்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினை. வெடியின் திரிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஆனால் அது நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். தமிழில் உருகி என்ற சொல் பாடநூல்களிலேயே இருக்கிறது, இலங்கையிலும் அதுதான். சிலர் 'உருக்கி' என்று ஒற்றைச் சேர்த்து எழுதுகிறார்கள், அது தப்பு. எலும்புருக்கி நோய் எலும்பை உருக்குவது. பியூஸ் எதையும் உருக்குவதில்லை, தானே உருகுகிறது; தொட்டாற்சிணுங்கி தானே சிணுங்குகிற மாதிரி.

சரி, மின்காப்பானுக்கு என்ன குறை? முதலில், காப்பு என்ற சொல்லை மின்சாரத்தில் இன்சுலேஷனுக்குக் கொடுத்து ரொம்ப நாளாகிறது. வயர் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை மின்காப்பு; அது கரண்டை விடாது. பியூஸில் இருப்பதோ கரண்டை முழுக்க விடும் கம்பி. நேர் எதிரான வேலை செய்யும் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லில் பெயர் வைத்தால் படிப்பவர் என்ன செய்வார்?

அதைவிடப் பெரிய கோளாறு, எதைக் காக்கிறது என்பது. காப்பான் என்றதும் வால்வைக் காக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் வால்வு கெட்ட பிறகுதான் பியூஸுக்கு வேலையே. இஎல்34 போன்ற பவர் வால்வில், கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட் என்ற கம்பிவலையில் பயஸ் என்னும் நெகடிவ் வோல்டேஜ் இருக்க வேண்டும். அது அறுந்தால் வால்வு கட்டுக்கடங்காமல் கரண்டை இழுக்கும். வால்வுக்குள் கரண்டை வாங்கும் சாம்பல் நிற உலோக பிளேட்டின் நடுவில் முதலில் மங்கலாகச் சிவப்பு தெரியும், அப்புறம் பிளேட் முழுக்கப் பழுக்கும். இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது ஒன்று தொய்ந்து பக்கத்ததைத் தொட்டு ஷார்ட் ஆகும். 400, 450 வோல்ட் லைனுக்குத் தடையில்லாத பாதை கிடைத்துவிடுகிறது. வால்வு போனது போனதுதான். அதை விட்டுத்தள்ளி, அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் மெயின் டிரான்ஸ்பார்மரையும் மிச்சம் பிடிக்கத்தான் பியூஸ்.

சுவரிலிருந்து வரும் லைனில் ஒரு பியூஸ் இருக்கிறதே, அது போதாதா? போதாது. அது வால்வைச் சூடாக்கும் ஹீட்டர்களையும் சேர்த்துத் தாங்க வேண்டும். ஓர் இஎல்34க்கு 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், நாலு வால்வு என்றால் அதற்கே 38 வாட் போய்விடுகிறது. சுவிட்ச் போட்ட நொடியில் டிரான்ஸ்பார்மர் இழுக்கும் கரண்டுக்கும் அசையக் கூடாது. இப்படித் தாராளமாக அளவு வைத்த பியூஸ், ஒரு வால்வு கெட்டதும் உடனே உருகும் என்று நம்ப முடியாது. அதற்குள் ஹெச்.டி. சுற்று வெந்துவிடலாம். அதனால்தான் மார்ஷலின் 50 வாட் ஆம்ப்ளிஃபயரில் தனியாக 500 மில்லி ஆம்பியரில் இன்னொன்று, 100 வாட்டில் 1 ஆம்பியர். பழைய ஃபெண்டர்கள் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் (எலெக்ட்ரான் கிளம்பும் முனை) தனித்தனியாகப் போடுகிறவர்களும் உண்டு.

இங்கேதான் பெயர் முக்கியமாகிறது. காப்பான் என்றால், பெரிதாகப் போட்டால் நன்றாகக் காக்கும் என்று தோன்றும். 500 மில்லி போன இடத்தில் 2 ஆம்பியரைச் செருகுவது அப்படித்தான். உருகி என்று சொல்லிப் பாருங்கள், 'எத்தனை ஆம்பியரில் உருகும்?' என்ற கேள்வி தானாக வரும். போன உருகியின் கண்ணாடியையும் பார்க்கத் தோன்றும். கம்பி நடுவில் மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் சுமை கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. கண்ணாடி கருத்தோ வெள்ளிப் பூச்சு பூசியதுபோலவோ இருந்தால் ஷார்ட்.

'உருகி என்றால் உள்ளம் உருகி என்பதுபோல் வினையெச்சம் ஆயிற்றே, குழம்பாதா?' என்று கேட்கிறார்கள். வீட்டைப் பெருக்கி முடித்தவர் யாரும் ஒலிபெருக்கியைப் பார்த்துக் குழம்பியதாகத் தெரியவில்லை. பியூஸ் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை. பில் கட்டாவிட்டால் பீஸ் கட்டையைப் பிடுங்குவார்கள் என்பது எல்லாருக்கும் புரியும் தமிழ். எழுத்தில் பள்ளிக்கூட பீஸோடு மோதும், அவ்வளவுதான். அகராதியில் முதலில் அகப்பட்ட பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்புதான் தாங்க முடியவில்லை. ஹெச்.டி.யில் உள்ள டென்ஷன், வோல்டேஜுக்கான பழைய பெயர். இழுவிசை கிதார் கம்பிக்கு. ஊருக்கு வெளியே போகும் லைனை உயரழுத்த மின்கம்பி என்று பேப்பர்காரர்கள் எழுதுகிறார்களே, அதைப் பார்த்தாவது உயரழுத்த உருகி என்று எழுதியிருக்கலாம்.

ஸ்லோ ப்ளோவில் வெடிப்பு எதுவும் இல்லை. 5க்கு 20 மில்லிமீட்டர் கண்ணாடி உருகியின் உலோக மூடியில் பொடி எழுத்தில் டி அல்லது எஃப் இருக்கும். இரண்டும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்து: 'டிரேகே' என்றால் மந்தம், 'ஃப்ளிங்க்' என்றால் சுறுசுறுப்பு. நமக்கும் மந்த உருகி, விரைவு உருகி போதும். வெடிக்கும் என்று படித்துப் பயந்தவர் கடையில் எஃப் வகையைக் கேட்டு வாங்கி மெயின் லைனில் போட்டால், கோளாறே இல்லாத ஆம்ப்ளிஃபயரிலும் சுவிட்ச் போட்ட கையோடு அது போய்விடும்.