டன்: ஏசியில் எடை எங்கே இருக்கிறது?

கோத்தகிரியில் டன் என்றால் கேரட். மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரியைப் பார்த்துத்தான் ‘எத்தனை டன்?’ என்று கேட்பார்கள். கோவையிலிருந்து சூடும் குளிரும் தரும் ஏசியை வாங்கி வந்து ‘ஒன்றரை டன்’ என்று நான் சொன்னதும் அத்தை சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“ஏன்டா, இந்தச் செவுரு தாங்குமா?”

நியாயமான கேள்வி. டன் இங்கேயும் எடைதான். பெட்டியின் எடை அல்ல, பனிக்கட்டியின் எடை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதற்பொருள் பெரிய மரப்பீப்பாய். கப்பலில் எத்தனை ஒயின் பீப்பாய் ஏறும் என்று எண்ணியதில் கொள்ளளவாகி, பிறகு எடையானது. (நம் ஆண்டாளும் வெண்ணெயை ‘நூறு தடா’ என்று பாத்திரத்தால்தான் எண்ணினாள்.) இயந்திரம் வருமுன் குளிர், ஐஸ் பாளமாகவே விலைபோனது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய ஐஸ் சென்னைக்குக் கப்பலில் வந்ததன் மிச்சம், திருவல்லிக்கேணியின் ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற பெயர். இயந்திரம் வந்த பிறகும் அதன் வேலையை ஐஸைக் கொண்டே அளந்தார்கள். அமெரிக்க டன் 2,000 பவுண்டு, சுமார் 907 கிலோ. அவ்வளவு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதே வேகத்தில் அறையின் வெப்பத்தை வெளியேற்றினால் அது ஒரு டன் ஏசி. மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட்.

ஆகவே தமிழில் இதைக் ‘குளிர்த்திறன்’ என்பதே பொருத்தம். ‘குளிர்த்திறன் 3.5 கிலோவாட்’ என்று சொல்லிவிட்டு, டன்னைக் கேரட்டுக்கே விட்டுவிடலாம். கடைக்காரர் விடமாட்டார், அது வேறு.

மலையில் நமக்கு வேண்டியதோ வெப்பத்திறன். அதைத் தரும் பொருளுக்குப் பழைய சொல் கைவசம் இருக்கிறது: கணப்பு. நெடுநல்வாடையில் வாடைக்கு அஞ்சியவர்கள் நெருப்பிட்டுக் காய்ந்த அகன்ற வாய்க் கணப்புச் சட்டிக்குத் ‘தடவு’ என்று பெயர். ஹீட்டரைக் கணப்பு என்றால் அத்தைக்குப் புரியும். ‘வெப்பமூட்டி’ என்றால் என்னைப் பார்ப்பார். (கரிக் கணப்பை மட்டும் மூடிய அறையில் வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.)

கீழே சதுர அடியைக் கேட்டு டன் சொல்வார்கள். அந்தக் கணக்கு சமவெளி வெயிலுக்கானது. இங்கே பார்க்க வேண்டியது, இரவில் வீடு இழக்கும் வெப்பம்: தகரக் கூரையா, கான்கிரீட்டா, ஜன்னல் சட்டத்தில் இடுக்கு உண்டா, எந்தச் சுவரில் காற்று அடிக்கிறது. இடுக்கை அடைத்து, கூரைக்கடியில் வெப்பத்தடுப்புப் போட்டாலே தேவை இறங்கிவிடும். பெரிதாக வாங்கிவிட்டாலும் தொல்லைதான். குளிருக்கு வைக்கும்போது சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. குன்னூர் மூடுபனியில் அப்படிப்பட்ட அறையின் சுவர் பூசணம் பிடிக்கலாம்.

இன்னொன்று. பெட்டியில் அச்சிட்ட வெப்பத்திறன் பொதுவாக வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் உறைபனியில் புல் வெளுக்கும் ஜனவரி விடியலில் அது குறையும். வெளிப்பெட்டிச் சுருளில் உறைபனி படியும். அதைக் கரைக்க இயந்திரம் வீட்டுக்குச் சூடு தருவதைச் சற்று நிறுத்தும். பனிக்கட்டி உருகுவதை வைத்துப் பிறந்த அளவு, அந்தச் சில நிமிடம் தன் சொந்தப் பனியை உருக்கிக்கொண்டிருக்கும்; அத்தை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.