ஒளியியக்கக் கூட்டுச் சிகிச்சை: சொல் விளக்கம்

கண் மருத்துவக் குறிப்புகளில் ‘பி.டி.டி.யும் ஊசியும்’ என்று ஒற்றை வரியாக எழுதப்படுவதற்குப் பின்னால் நீண்ட பொருள் இருக்கிறது. விழித்திரைக்கு அடியில் முறைகெட்டு வளர்ந்த இரத்த நாளங்களை, ஒளி பட்டால் மட்டுமே வேலை செய்யும் ஒரு மருந்தால் அடைப்பது. அவை மறுபடி வளராதிருக்க வேறொரு மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவது. இரண்டும் சேர்ந்ததே ‘ஒளியியக்கக் கூட்டுச் சிகிச்சை’. பி.டி.டி. என்பது ‘போட்டோடைனமிக் தெரபி’ என்பதன் சுருக்கம்.

இதை ‘ஒளிச் சிகிச்சையோடு மருந்தும் சேர்ப்பது’ என்று செய்திகளில் எழுதிவிடுகிறார்கள். அது பிழையான புரிதலைத் தருகிறது. ஒளியியக்கச் சிகிச்சையே ஒரு மருந்துச் சிகிச்சைதான். மருந்து இல்லாவிட்டால் அந்த ஒளி கண்ணுக்குள் எதையும் செய்யாது. ஆகவே கூட்டுச் சிகிச்சை என்றால் முதல் மருந்தோடு இரண்டாவது மருந்தும் சேர்கிறது என்று பொருள். ஒன்று கை நரம்பு வழியாக உடலெங்கும் போகிறது, மற்றது நேரே கண்ணுக்குள் போகிறது. இரண்டையும் நோயாளி குழப்பிக்கொண்டால், எதற்காக வெயிலைத் தவிர்க்க வேண்டும், எதற்காகக் கண்சிவப்பையும் வலியையும் கவனிக்க வேண்டும் என்பதும் குழம்பிப்போகும்.

‘போட்டோடைனமிக்’ என்ற சொல்லின் வேர்கள் கிரேக்கத்தில் உள்ளன. ‘ஃபோஸ்’ என்றால் ஒளி. ‘டைனமிஸ்’ என்றால் ஆற்றல், வலிமை. ஆனால் சொல்லை உருவாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபான் டாப்பைனரிடம் பயின்ற ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்னும் சாயம் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியை எப்படிக் கொல்கிறது என்று ஆராய்ந்தார். சாயத்தின் அளவு ஒன்றுதான், உயிரியும் ஒன்றுதான். அது சாகும் நேரம் மட்டும் ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் பெரிதும் வேறுபட்டது. காரணம் வெளிச்சம். சாயம் மட்டும் அந்த அளவில் கொல்லவில்லை, ஒளி மட்டும் கொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தபோது உயிரி விரைவாக மடிந்தது. இது 1900இல் வெளியானது. இதற்கு ஆக்சிஜனும் வேண்டும் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாக, 1904இல் டாப்பைனரும் யோட்ல்பவுரும் இந்த விளைவுக்கு ‘ஒளியியக்க’ என்ற பொருள் தரும் பெயரைச் சூட்டினார்கள். சாயம், ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி விளைவு இல்லை. அந்த வரையறை இன்றுவரை மாறவில்லை.

இந்த விளைவு மனித உடலில் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை 1912இல் ஃபிரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தார். ஒளி பட்டால் வினைபுரியும் ஹெமட்டோபோர்ஃபிரின் என்ற பொருளை 200 மில்லிகிராம் ஊசியாக ஏற்றிக்கொண்டு வெயிலில் நின்றார். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வீங்கியது. மாதக்கணக்கில் வெயில் தாங்கமுடியாமல் தவித்தார். இன்று இந்தச் சிகிச்சை பெறுபவரிடம் வெயிலில் போகாதீர்கள் என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

தமிழில் ‘ஒளியியக்கச் சிகிச்சை’ என்ற வழக்கை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அதை விரிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ‘ஒளியியக்கம்’ என்பதை ஒளியினது இயக்கம் என்று ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால், ஏதோ ஒளி நகர்வதைச் சொல்வதுபோல் ஆகிவிடும். ஒளியால் இயக்கம் என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரிக்க வேண்டும். இயங்குவது மருந்து, இயக்குவது ஒளி. இப்படி விரித்தால் சிகிச்சையின் அடிப்படை அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ‘சிகிச்சை’ வடசொல் என்று தயங்குவோர் ‘ஒளியியக்க மருத்துவம்’ என்று எழுதலாம். ஆனால் ‘மருத்துவம்’ ஒரு துறையையும் குறிக்கும் சொல் என்பதால், ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் செய்யப்படுவதைச் சொல்ல ‘சிகிச்சை’யே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதற்குப் பதிலாக வழங்கும் வேறு சில சொற்கள் இங்கே பொருந்தா. ‘ஒளிச் சிகிச்சை’ என்பது பச்சிளங்குழந்தையின் மஞ்சள்காமாலைக்கு நீல ஒளியில் கிடத்துவது போன்றவற்றுக்கு உரியது. அங்கே வெளியிலிருந்து மருந்து எதுவும் சேர்வதில்லை. ‘கதிர்ச் சிகிச்சை’ என்றவுடன் புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சுதான் நினைவுக்கு வரும். இந்தச் சிகிச்சையில் கதிரியக்கம் அறவே இல்லை. பேச்சில் மிகுதியாகப் புழங்கும் ‘லேசர்’ என்ற சொல்தான் எல்லாவற்றிலும் அதிகம் குழப்புகிறது. கண்ணுக்கு லேசர் என்றால் சுட்டுப் பொசுக்குவது என்றே பலரும் நினைக்கிறார்கள். முன்பு வழக்கில் இருந்த வெப்ப லேசர் அப்படிப்பட்டதுதான். அது தவறான நாளத்தைப் பொசுக்கும்போது அதற்கு மேலே உள்ள விழித்திரையையும் சேர்த்துப் பொசுக்கியது. பார்வையின் நடுப்புள்ளியில் அதைச் செய்தால் அந்த இடத்துப் பார்வை அப்போதே போய்விடும். ஒளியியக்கச் சிகிச்சையில் பயன்படும் லேசரின் வலிமை திசுவைச் சுடும் அளவுக்கு இருப்பதில்லை. அதன் வேலை மருந்தை எழுப்புவது மட்டுமே.

இனி நாளங்கள். கண்ணின் பின்சுவரில் விழித்திரைக்கு அடியில் இரத்தம் நிறைந்த படலம் ஒன்று உண்டு. பாடநூல்களில் அதை ‘கோராய்டு’ என்றே எழுதுகிறார்கள். முதுமையில் வரும் மாக்குலா சிதைவு நோயின் ஈர வகையிலும், கடும் கிட்டப்பார்வையிலும், வேறு சில நோய்களிலும் இந்தப் படலத்திலிருந்து புதிய நாளங்கள் முளைத்து மேலே ஊடுருவுகின்றன. அவற்றின் சுவர் உறுதியற்றது. நீர் கசியும், இரத்தம் கசியும். மாக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி, எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நமக்கு உதவுவது. அங்கே கசிவு ஏற்பட்டால் நேர்கோடு வளைந்து தெரியும், பார்வையின் நடுவில் கறை விழும்.

‘நியோவாஸ்குலரைசேஷன்’ என்ற நீண்ட சொல்லுக்கு ‘புதுநாள வளர்ச்சி’ போதும். ‘நாளம்’ என்பது உள்ளீடற்ற தண்டைக் குறித்த சொல். தாமரைத் தண்டுக்கும் வழங்கியது. குழாய் போன்ற எதற்கும் பொருந்தும் என்பதால் இரத்தக் குழாய்க்கும் அதுவே நிலைத்துவிட்டது. ‘புது’ என்பது நல்லதாக ஒலிக்கும் சொல் என்பதால், நோயாளியிடம் பேசும்போது ‘வேண்டாத இடத்தில் முளைத்த நாளம்’ என்று சேர்த்துச் சொல்வது நல்லது.

கண்ணில் ஒளியியக்கச் சிகிச்சைக்குப் பயன்படும் மருந்து வெர்டிபோர்ஃபின். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜூலியா லெவி, டேவிட் டால்ஃபின் ஆகியோரின் ஆய்விலிருந்து வந்தது. பெயரின் பின்பகுதி ‘போர்ஃபிரின்’ என்பதிலிருந்து வருகிறது. அதன் வேர் ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். முன்பகுதி பச்சையைக் குறிக்கிறது. கரைத்த மருந்தைப் பார்த்தால் அடர்பச்சையாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘விசுடைன்’ என்ற வணிகப் பெயரில் ஒப்புதல் பெற்றது.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நோயாளியின் உயரமும் எடையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் என்ற கணக்கில் மருந்து 10 நிமிடங்களில் கை நரம்பில் ஏறுகிறது. ஊசி நரம்பை விட்டு விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்தால் அந்த இடம் வெளிச்சத்தில் புண்ணாகும் என்பதால் ஏறும் நேரம் முழுவதும் கையைக் கவனிக்க வேண்டும். மருந்து ஏறத் தொடங்கியதிலிருந்து 15ஆவது நிமிடத்தில், கண்ணில் ஒரு லென்ஸை வைத்து 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 50 ஜூல் ஆற்றல் சேர 83 விநாடிகள் ஆகும். அந்த அலைநீளத்தை வெர்டிபோர்ஃபின் நன்றாக உறிஞ்சும். இரத்தமும் திசுவும் பெரிதாகத் தடுப்பதில்லை. ஒளியை உறிஞ்சிய மருந்து அருகிலுள்ள ஆக்சிஜனை வினைமிக்க வடிவத்துக்கு மாற்றுகிறது. அது நாளத்தின் உட்சுவரைச் சிதைக்க, அங்கே இரத்தத் தட்டுகள் ஒட்டிச் சேர்ந்து நாளம் உள்ளிருந்தே அடைபடுகிறது. வெர்டிபோர்ஃபின் இரத்தத்தில் கொழுப்புப் புரதங்களோடு சேர்ந்து பயணிப்பதால், அவற்றை அதிகம் பிடித்துக்கொள்ளும் புதுநாளங்களில் கூடுதலாகச் சேர்கிறது.

பிறகு வீட்டுக்குப் போகலாம். ஆனால் மருந்து இன்னும் உடலில் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் குறிப்பு 5 நாள்களுக்கு நேர்வெயிலையும் கூசும் ஹாலஜன் விளக்குகளையும் தவிர்க்கச் சொல்கிறது. முழுக்கை உடை, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டும். சன்ஸ்கிரீன் பூசினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அது புற ஊதாவைத் தடுக்கிறதே தவிர கண்ணால் காணும் ஒளியைத் தடுப்பதில்லை. அதற்காக அறையை இருட்டாக்கிப் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். வீட்டுக்குள்ளிருக்கும் மிதமான வெளிச்சம் தோலில் தங்கிய மருந்தை மெல்லச் செயலிழக்கச் செய்யும் என்பதால் அது நல்லதே. ‘லேசர் வைத்தார்கள்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு இந்த எச்சரிக்கைகள் ஏன் என்றே விளங்காது. ‘ஒளியால் இயங்கும் மருந்து உடம்பில் இருக்கிறது’ என்று சொன்னால் உடனே விளங்கும். இதனால்தான் சரியான சொல் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அடைத்தால் போதாதா, ‘கூட்டு’ எதற்கு? வெர்டிபோர்ஃபினைச் சோதித்து 1999இல் வெளியான ‘டாப்’ என்ற ஆய்வில், ஓராண்டு முடிவில் பார்வைப் பலகைக் கணக்கில் 15 எழுத்துக்குக் குறைவாகவே பார்வை இழந்த கண்கள் வெர்டிபோர்ஃபின் பெற்றவர்களில் 61 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 46 சதவீதம். இழப்பு குறைந்தது, பார்வை திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே. நாளம் அடைபட்டதும் அந்த இடத்தில் ஆக்சிஜன் குறைகிறது, அழற்சி உண்டாகிறது. திசு அதற்கு எதிர்வினையாக நாளங்களை வளர்க்கும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. கதவை அடைத்தவுடன் சன்னலைத் திறந்துவிட்டதைப் போன்ற நிலை. அந்தப் புரதத்தின் சுருக்கப் பெயர் வெஜ்ஃப். தமிழில் ‘நாள உட்சுவர் வளர்ச்சிக் காரணி’ எனலாம். ஒளியியக்கச் சிகிச்சையோடு அழற்சியைத் தணிக்கும் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தது இந்தக் காரணத்தால்தான். அடுத்து வெஜ்ஃபைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. ரானிபிசுமாப் 2006இல் ஒப்புதல் பெற்றது. குடல் புற்றுநோய்க்கு வந்த பெவாசிசுமாப் கண்ணுக்கும் பயன்பட்டது. 2011இல் அஃப்ளிபெர்செப்ட் சேர்ந்தது.

தடுப்பூசி என்று இவற்றைச் சிலர் எழுதுவது தவறு. அது நோய்த்தொற்றுக்கு எதிரானது. ‘வெஜ்ஃப் தடுப்பு மருந்து’ என்பதே சரி. இங்கே கதை திரும்பியது. இந்த மருந்துகள் தனியாகவே ஒளியியக்கச் சிகிச்சையை விஞ்சின. இழந்த பார்வையைப் பலருக்கு மீட்டும் தந்தன. மாக்குலா சிதைவில் கூட்டுச் சிகிச்சை இன்னும் மேலான பார்வையைத் தருமா என்று டெனாலி, மோன் பிளாங்க் ஆகிய ஆய்வுகள் சோதித்தன. 2012இல் வெளியான முடிவு, தனி ஊசியைவிடப் பார்வையில் கூடுதல் பலன் இல்லை என்பதே. எனவே பொதுவான மாக்குலா சிதைவுக்குக் கூட்டுச் சிகிச்சை இன்று முதல் தேர்வு அல்ல.

அது நிலைத்து நிற்கும் இடம் வேறு. கோராய்டு நாளத்தின் நுனியில் சிறு குமிழ்கள் திரளும் நோய் ஒன்று உண்டு. ஆசிய மக்களிடம் அதிகம் காணப்படுகிறது. ‘பாலிபாய்டல் கோராய்டல் வாஸ்குலோபதி’ என்பது அதன் பெயர். ‘குமிழ்வடிவக் கோராய்டு நாள நோய்’ என்று நான் எழுதுவேன். ஊசி கசிவை அடக்கும், ஆனால் பல கண்களில் குமிழ் மறையாது. ஒளியியக்கச் சிகிச்சை குமிழையே அடைக்கிறது. எவரெஸ்ட் 2 என்ற ஆய்வில் 12 மாதங்களில் கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களின் பார்வை 8.3 எழுத்து கூடியது. ரானிபிசுமாப் மட்டும் பெற்றவர்களுக்கு 5.1. குமிழ்கள் முழுதாக மறைந்தது கூட்டில் 69.3 சதவீதம், தனி ஊசியில் 34.7 சதவீதம். பாதிக்கும் குறைவாக இருந்தது இருமடங்கானது சிறிய செய்தி அல்ல. அஃப்ளிபெர்செப்ட் மட்டுமே போதும் என்று தொடங்கி, தேவைப்பட்டால் ஒளியியக்கச் சிகிச்சையைச் சேர்க்கும் வழியும் நல்ல பலன் தருகிறது என்பதால், எவருக்கு எது என்பதை மருத்துவர்தான் நாளப்படம் பார்த்து முடிவு செய்வார்.

எழுதும்போது இன்னும் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ஆரோக்கியமான கோராய்டுக்குச் சேதம் குறைய வேண்டி, சிகிச்சையைப் பாதி வலிமையில் தருவதும் உண்டு. விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் நோயில் இது பெரிதும் வழங்குகிறது. இதில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்றில் மருந்து சதுர மீட்டருக்கு 3 மில்லிகிராமாகக் குறையும், ஒளி மாறாது. மற்றதில் மருந்து முழு அளவு, ஒளி சதுர சென்டிமீட்டருக்கு 25 ஜூலாகக் குறையும். இரண்டையுமே ‘பாதி அளவு’ என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். ‘அரைமருந்து ஒளியியக்கச் சிகிச்சை’, ‘அரையொளி ஒளியியக்கச் சிகிச்சை’ என்று பிரித்து எழுதினால், குறைத்தது எதை என்பதில் எவருக்கும் ஐயம் வராது.