தீச்சுணக்கி

வயர் வாங்கினாலும் சுவிட்சுப் பெட்டி வாங்கினாலும் உறையில் "தீப்பிடிக்காத பிளாஸ்ரிக்" என்று தமிழில் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே ஆங்கிலத்தில் இருப்பது பிளேம் ரிட்டாடன்ற். ரிட்டாட் என்பதன் வேர் 'மெதுவான' என்று பொருள்படும் தாடுஸ் என்ற இலத்தீன் சொல். வேர் அவ்வளவுதான், 'பிடிக்காத' எங்கிருந்து வந்தது?

சரி, அது கடைக்காரர் தமிழ், விடுவோம். கொஞ்சம் படித்தவர்கள் பிளேம் ரிட்டாடன்றுக்கு எழுதும் "தீயெதிர்ப்பி"தான் எனக்கு எரிச்சல். எதிர்ப்பது என்றால் அசையாமல் நின்று தாங்குவது. தீயைக் குறித்த நேரம் தாங்கும் கதவுக்கும் சுவருக்கும் அந்தச் சொல் தேவைப்படும். பிளாஸ்ரிக் போன்ற பல்பகுதியத்தில் (பொலிமர்) கலக்கும் இந்தப் பொருட்கள் அப்படி நிற்பவை அல்ல. அலுமினியம் ஐதரொட்சைட்டு ஏறக்குறைய 200 பாகை செல்சியசில் பிரியத் தொடங்கி, நீராவியை விட்டு, சூட்டையும் உறிஞ்சுகிறது, அதாவது தான் அழிந்துதான் வேலை செய்கிறது. புரோமீன் சேர்வைகள் சுவாலைக்குள் போய் அங்கே எரிதலைத் தொடரவைக்கும் சங்கிலித் தாக்கத்தை அறுக்கின்றன, பொசுபரசுச் சேர்வைகள் பல மேலே கரிப்படை கட்டுகின்றன. இதில் எது எதிர்ப்பு?

சோதனையைப் பார்த்தாலே விளங்கும். பிளாஸ்ரிக் எரியும் விதத்தைச் சோதிக்கும் யூஎல் 94 தரத்தில் வீ-0 என்ற மேல்படி வாங்க, நிமிர்த்திப் பிடித்த துண்டின் அடியில் 10 செக்கன் சுவாலை காட்டி எடுத்தபின், அது 10 செக்கனுக்குள் தானாக அணைய வேண்டும், எரிகிற சொட்டு விழுந்து கீழே உள்ள பஞ்சு பற்றக் கூடாது. பற்றிய பிறகு எவ்வளவு நேரம் எரிகிறது என்றுதானே அளக்கிறார்கள்!

சுணங்குதல், சுணக்கம், "சுணக்காமல் வா" எல்லாம் யாழ்ப்பாணத்தில் நம் வாயில் தினமும் புழங்குகிற சொற்கள், தாமதம் என்று பொருள். தீயைச் சுணக்குவது தீச்சுணக்கி. பேச்சு வழக்கு, யாழ்ப்பாணத்துக்கு வெளியே விளங்காது என்பார்கள். நாங்கள் பல்பகுதியம் என்பதைச் சென்னையில் பலபடி என்று எழுதுவதை நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லையா? மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதியில் முதலில் கிடைப்பதை ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம். பொருள் என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. இப்போது "சுடர்த்தடுப்பு" என்று வேறு வருகிறது, குத்துவிளக்குக்கு மூடி செய்கிறார்களோ தெரியாது.

சுணக்கி என்றால் சிரிப்பு வருகிறது என்பவர்கள் தீத்தணிப்பி என்று எழுதட்டும், எனக்குச் சம்மதம். உறையில் அந்தப் 'பிடிக்காத'வை மட்டும் எடுத்துவிடுங்கள்.