இவருக்குப் பதிலாக இவர்

சென்ற ஆடி மாதம் ஓர் அம்மா என் அறைக்கு வந்தார். வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகவில்லை. நாற்காலியில் உட்காரும் முன்பே, "அந்தத் தொடரில் எவ்வளவு நியாயமான மாமியாராக இருந்தீர்கள்! அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன். என் மருமகளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். (இங்கே வருபவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் அனுமதியும் பெற்றிருக்கிறேன்.)

நான் சின்னத்திரையில் 11 ஆண்டுகள் நடித்தவள். மனநல ஆலோசகராகி 9 ஆண்டுகள் ஆகின்றன. தெரிந்த முகம் என்பதால் தயக்கம் குறைந்து சிலர் வருகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அந்த அம்மா நம்பி வந்தது என்னை அல்ல; யாரோ ஓர் எழுத்தாளர் எழுதிக் கொடுத்து நான் ஒப்பித்த வசனத்தை. "அம்மா, இங்கே தீர்ப்பு சொல்வதில்லை. உங்கள் மருமகளிடம் உங்களுக்காகப் பேசவும் மாட்டேன். நீங்கள் பேசுவதை முழுவதும் கேட்பேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. தொடரில் வந்த மாமியார் இப்படிப் பேசமாட்டார் அல்லவா?

படப்பிடிப்பைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காட்சியில் நான்கு பேர் இருந்தால் முதலில் எல்லாரையும் சேர்த்து எடுப்பார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் க்ளோசப். கடைசியில்தான், எதிராளி பேசுவதைக் கேட்கும் முகத்தை மட்டும் எடுக்கும் ரியாக்‌ஷன் ஷாட். அதற்குள் எதிரில் நடித்தவர் வேறு தொடருக்குக் கால்ஷீட் கொடுத்திருப்பார், கிளம்பிப் போயிருப்பார். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் கையை உயர்த்திப் பிடிப்பார். பின்னாலிருந்து ஒருவர் ஏற்ற இறக்கமே இல்லாமல் வசனத்தைப் படிப்பார். அந்தக் கையைப் பார்த்து நான் திடுக்கிட வேண்டும், கண் கலங்க வேண்டும், உதடு துடிக்க வேண்டும். ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து, கேட்பதுபோல் நடித்தே 11 ஆண்டுகள் கழிந்தன. அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

உளவியல் முதுகலை முடித்து, மேற்பார்வையில் பயிற்சி எடுத்தபோது அந்தப் பெயர் உதவவில்லை. வருபவரின் ஒப்புதலோடு என் அமர்வுகளைப் பதிவு செய்து என் மேற்பார்வையாளரிடம் கொடுப்பேன். ஒரு நாள் அவர் பதிவை நிறுத்திவிட்டு, "இந்த இடத்தில் 'அடடா' என்கிறீர்கள். அந்தப் பெண் வாக்கியத்தை இன்னும் முடிக்கவே இல்லை. அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முகத்தில் பரிவை வரவழைப்பதிலேயே என் கவனமெல்லாம் போயிருக்கிறது. அன்றைக்கு நான் பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவரின் மனம் மாற என்னென்ன வேண்டும் என்று சொல்கிறார். எதிரில் இருப்பவரைத் தராசில் நிறுத்தாமல் ஏற்பதும், அவர் உலகத்தை அவர் கண்ணால் பார்ப்பதும் அவற்றில் அடக்கம். இன்னொன்றும் இருக்கிறது: ஆலோசகர் உள்ளே உணர்வதும் வெளியே காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். நடிகையாக இருந்தவளுக்கு இதுதான் கடினம். புரியவில்லை என்றால் "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பதற்கே எனக்கு ஓராண்டு பிடித்தது.

அந்த நாட்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டவர் பமேலா ஸ்டீபன்சன். நியூசிலாந்தில் 1949-இல் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, சிட்னியில் நாடகக் கலை பயின்றவர். பிரிட்டனில் பிபிசி 1979 முதல் 1982 வரை ஒளிபரப்பிய நகைச்சுவைத் தொடர் ஒன்றில் ரோவன் அட்கின்சனோடு நடித்துப் புகழ்பெற்றார். நம் ஊரில் மிஸ்டர் பீனாகத் தெரிந்த அதே அட்கின்சன்தான். பிறகு பமேலா அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் நடித்தார். அப்படிப்பட்டவர் 1990களில் கலிபோர்னியாவில் மீண்டும் மாணவியாகி, மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, உளவியல் சிகிச்சையாளராக வேலை பார்க்கத் தொடங்கினார். நாற்பது வயதுக்கு மேல் வகுப்பில் போய் உட்காரத் துணிவு வேண்டும். "இப்போது எதற்குப் படிப்பு?" என்று என் உறவினர்கள் கேட்டபோதெல்லாம் அவரை நினைத்துக்கொண்டேன்.

அவர் கணவர் பில்லி கானலி ஸ்காட்லாந்தின் பெயர்பெற்ற நகைச்சுவைக் கலைஞர். பமேலா அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி 2001-இல் வெளியிட்டார். சிறுவயதில், ஏறத்தாழ 10 முதல் 15 வயது வரை, சொந்தத் தந்தையாலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானதைப் பில்லி அந்தப் புத்தகத்தின் வழியாக உலகுக்குச் சொன்னார். அரங்கம் அரங்கமாகச் சிரிக்க வைத்த மனிதரின் நெஞ்சில் அவ்வளவு பாரம் இருந்திருக்கிறது. கவனிக்க வேண்டியது, பமேலா அங்கே மனைவியாகத்தான் இருந்தார், சிகிச்சையாளராக அல்ல. சொந்த வீட்டாருக்கு நாங்கள் சிகிச்சை அளிக்கக் கூடாது. என் தங்கை மனம் உடைந்து போயிருந்தபோது அவளை வேறோர் ஆலோசகரிடம்தான் அனுப்பினேன். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது ஓர் அக்கா.

பமேலா செய்த ஒன்றில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2007-இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் பிரபலங்களை உட்கார வைத்து, உளவியல் அமர்வைப் போன்ற நீண்ட உரையாடல்களை நடத்தினார். வந்தவர்கள் விவரம் தெரிந்து சம்மதித்தவர்கள். இருந்தாலும் கேமரா பார்க்கும்போது மனிதர் கொஞ்சமாவது நடிக்கத்தான் செய்வார். அந்தப் பக்கம் இருந்து வந்தவள் என்பதால் எனக்கு அது தெரியும். நம் ஊரிலோ நிலைமை இன்னும் மோசம். சம்மதம் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாத எளிய மனிதர்களை விளக்கொளியில் உட்கார வைத்து, அவர்கள் குடும்பச் சண்டையைத் தெருவே பார்க்கும்படி நிகழ்ச்சியாக்குகிறார்கள். நடத்துபவர் நெற்றியைச் சுருக்கித் திட்டுவார், அவர்கள் அழுவார்கள், விளம்பர இடைவேளை வரும். அதற்கு ஆலோசனை என்று பெயர் வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒருவரின் மனநலம் பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவது அவருடைய உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் சொல்கிறது. சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தையோ தகவலையோ அவர் ஒப்புதல் இல்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. முதல் நாளே அதைச் சொல்லிவிடுவேன். வந்தவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் நான் பேசாமல் இருக்க முடியாது. ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாவது தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். அந்தக் கடமை ஆலோசகருக்கு மட்டும் அல்ல, விஷயம் தெரிந்த எல்லாருக்கும் உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உங்கள் பிள்ளை தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வந்தால், "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற வாக்கியம் மட்டும் உங்கள் வாயிலிருந்து வந்துவிட வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தால் முப்பது ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சின்னத்திரையில் வேலை செய்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். நாள் கணக்கில் சம்பளம், விடிய விடிய படப்பிடிப்பு, அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற பயம். ஒரு பெண், தன் வேடத்தில் வேறொருவர் நடிக்கப் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். "இவருக்குப் பதிலாக இவர்" என்று திரையில் வருமே, அந்த ஒரு வரிதான் அவருக்குக் கிடைத்த தகவல். மூன்று ஆண்டுகள் அந்தப் பெயரில்தான் ஊர் அவரைக் கூப்பிட்டது. அதன் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை, கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டார். "ஒரு சீரியல் போனதற்கா இவ்வளவு?" என்று வீட்டில் கேட்டார்கள். இழப்பின் அளவை இழந்தவரிடம்தான் கேட்க வேண்டும். இப்படித் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பெண்ணை நான் முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மருந்தும் தேவைப்பட்டது, பேச்சும் தேவைப்பட்டது.

இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதிக் கொடுப்பார். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். என்னைப் போன்ற ஆலோசகர் மருந்து தர முடியாது, தரவும் கூடாது. என்ன படித்தீர்கள், யார் மேற்பார்வையில் பயிற்சி பெற்றீர்கள், நான் சொல்வது எங்கே போகும் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் போக வேண்டாம். தொலைக்காட்சியில் பார்த்த முகம் என்பது ஒரு தகுதியே அல்ல. என் முகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணம் இல்லையே என்று யாரும் உள்ளுக்குள் புழுங்க வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் சினேகா அமைப்பு 1986 முதல், வாழ்வே வேண்டாம் என்று நினைப்பவர்களின் பேச்சைக் கேட்டு வருகிறது.

அந்த அம்மா இரண்டாம் முறை வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். அப்போதும் தொடரைப் பற்றித்தான் பாதி நேரம் பேசினார். நான்காம் முறை வந்தபோது மாமியார் வேடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மின்விசிறி சத்தம் போடுகிறது, கொஞ்சம் குறையுங்கள். இதை என்னால் மெதுவாகத்தான் சொல்ல முடியும்" என்றார். எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தேன்.