ரெண்டு கிலோவோல்ட்டா? எவ்வளவு இடைவெளியில்?

"சார், ரெண்டு கிலோவோல்ட் கொடுத்தும் எண்ணெய் இறுகவே இல்ல." மின்சாரம் கொடுத்தால் இறுகும் எலக்ட்ரோரியாலஜிகல் திரவத்தில் புராஜெக்ட் செய்யும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இப்படி வந்து நின்றார். தகடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன். நாலு மில்லிமீட்டராம். அப்படியானால் மில்லிமீட்டருக்கு வெறும் 500 வோல்ட், அதுதான் மின்புலம். திரவத்துக்குத் தெரிவது அது மட்டும்தான், மீட்டர் காட்டும் எண் இல்லை.

எலக்ட்ரோரியாலஜிகல் திரவம் என்பது பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மின்சாரம் கடத்தாத எண்ணெயில் நுண்துகள்கள் மிதக்கும். மின்புலம் வந்ததும், சில மில்லிசெகண்டில் அவை ஒரு தகட்டிலிருந்து மறு தகடு வரை சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். இதை 1940களில் வெளியுலகுக்குச் சொன்னவர் அமெரிக்கரான வில்லிஸ் வின்ஸ்லோ. டியூப்பைக் கவிழ்த்தாலும் பற்பசை தானாகக் கொட்டுவதில்லை, அழுத்த வேண்டியிருக்கிறது. அதேபோல இந்தச் சங்கிலிகளை அறுத்துத் திரவத்தை ஓடவைக்கத் தேவைப்படும் குறைந்தபட்சத் தகைவைத்தான் (பரப்பளவுக்கு இவ்வளவு விசை என்ற கணக்கு) ஈல்டு ஸ்ட்ரெஸ் என்கிறோம்.

புலம் ஒவ்வொரு துகளையும் ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ் என்று இருமுனையாக்குகிறது. புலம் இரட்டித்தால் இந்தத் துகளின் வலுவும் இரட்டிக்கும், பக்கத்துத் துகளின் வலுவும் இரட்டிக்கும். இரண்டும் பெருக்கிக்கொள்வதால் இழுவிசை நாலு மடங்காகும். அந்த மாணவர் அதே ரெண்டு கிலோவோல்ட்டை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கொடுத்திருந்தால், புலம் நாலு மடங்காகி, கணக்குப்படி பதினாறு மடங்கு ஈல்டு ஸ்ட்ரெஸ் கிடைத்திருக்கும்.

கணக்குப்படி என்று சொல்லக் காரணம் உண்டு. புலம் ஏற ஏற இந்த இருமடி விதி தளர்ந்துவிடும். துகளும் துகளும் உரசும் இடுக்கில் புலம் குவிகிறது, அங்கே எண்ணெயே மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. புலத்தின் மேல் போடும் அடுக்கு எண் (பவர்) இரண்டிலிருந்து ஒன்றரை அளவுக்கு இறங்கும். வரைபடத்தில் இதைப் பார்த்துவிட்டு, தப்பான அளவீடு என்று நினைத்துப் புள்ளிகளை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். அழிக்காதீர்கள், உருப்படியான தகவலே அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. 2003இல் ஹாங்காங் குழு ஒன்று யூரியா பூசிய நானோதுகள்களைக் கொண்டு 130 கிலோபாஸ்கல் ஈல்டு ஸ்ட்ரெஸ் வரை எட்டியது. அதில் உயர்புலத்தில் ஈல்டு ஸ்ட்ரெஸ் கிட்டத்தட்ட நேர்கோடாகவே ஏறுகிறது. வழக்கமான திரவங்கள் சில கிலோபாஸ்கலில் நின்றுவிடும்.

வோல்ட்டேஜை மட்டும் எழுதிவிட்டுக் கரன்ட்டை எழுதாத நோட்டுகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சோளமாவும் சமையல் எண்ணெயும் கலந்து செய்தால் மாவிலுள்ள ஈரம் இறுக்கத்துக்கு உதவும், ஆனால் கசிவையும் கூட்டும். கசிவால் சூடு, சூட்டால் இன்னும் கசிவு. கடைசியில் ஒரு 'பட்', தீய்ந்த மாவு வாசனை, தகட்டில் குண்டூசித் தலை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியைத் தேய்த்து எடுக்காமல் மறுபடி புலம் கொடுத்தால் அடுத்த பொறி அதே இடத்தில்தான் பறக்கும். ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம் கொடுத்தால் துகள்கள் மெதுவாக ஒரு பக்கத் தகட்டில் போய் அப்பிக்கொள்ளும் தொல்லை வேறு. அதனால் நான் பெரும்பாலும் திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம்தான் கொடுக்கிறேன்.

இன்னொன்று. யூடியூப் பார்த்து, உயர் வோல்ட்டேஜுக்காகக் கொசு பேட்டைப் பிரித்து அந்த சர்க்யூட்டை எடுத்து வருகிறார்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் கொசு பேட் ஷாக் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர் செய்யும் வேலை அது. பெரிய சப்ளையில் அதே மிச்சம் ஆளையே கொன்றுவிடும். திரவமும் தகடுகளும் இருக்கும் எங்கள் சோதனைக் கலத்தின் மூடிக் கைப்பிடியில், மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கோலைக் குறுக்கே செருகி வைத்திருக்கிறோம். அதைக் கையில் எடுக்காமல் மூடியைத் திறக்க முடியாது.