2,000 வோல்ட் தாங்கும் சிப்பை வெறுங்கையால் தொடலாமா?

பழுதான சிப்பைப் பிரித்துப் பார்த்துக் காரணம் சொல்வது என் வேலை. போன வாரமும் ஒரு பார்சல். பப்பிள் ராப்பில் உருட்டி ஏழு சிப். "அண்ணே, தயாரிப்புக் கோளாறுதான், பார்த்துச் சொல்லுங்க." மேலோட்டைக் கரைத்துப் பார்த்தால், ஐந்தில் இன்புட் பின்னுக்குப் பின்னாலுள்ள கேட் ஆக்சைடு எனும் மெல்லிய காப்பு அடுக்கில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. ஸ்டாட்டிக், அதாவது உரசலில் ஏறும் நிலைமின்சாரம் அடித்தது என்று ஃபோனில் சொன்னேன். அனுப்பிய தம்பிக்குக் கோபம்: "டேட்டாஷீட்ல 2,000 வோல்ட்னு போட்டிருக்கே!"

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

டேட்டாஷீட் எனும் விவரத்தாளில் உள்ள அந்த 2,000 வோல்ட், எச்பிஎம் எனும் மனித உடல் மாதிரிச் சோதனையின் எண். மின்னேறிய மனிதர் சிப்பைத் தொடுவதுபோல் செய்து பார்ப்பது. 100 பிகோஃபாரட் கெபாசிட்டரை அந்த அளவுக்கு ஏற்றி, 1,500 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சிப்பின் பின்னில் இறக்குவார்கள். உச்சத்தில் சுமார் 1.3 ஆம்பியர், மைக்ரோ நொடிக்குள் முடிந்துவிடும். எடுத்துக்கொண்ட சில சிப்புகளை அப்படி அடித்துப் பார்த்துப் போட்ட எண் அது. அடி வாங்கிய சிப் வேறு, உங்கள் கையில் இருக்கும் சிப் வேறு. மின்பொறி நம் விரலில் சுருக்கென்று படவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். "எனக்கு ஒன்றும் படலையே" என்றால், சிப்புக்கும் படவில்லை என்று எப்படிச் சொல்வது?

அதைவிட முக்கியம், அந்த எண்ணுக்குக் கீழேயே இன்னொரு எண் இருக்கும்: சிடிஎம், அதாவது மின்னேறிய சிப் மாதிரி. 250 அல்லது 500 வோல்ட் என்று சின்னதாக. அங்கே மின்னேற்றம் உங்கள் உடலில் இல்லை, சிப்பிலேயே. பப்பிள் ராப்பில் உரசி ஏறிய சிப், உலோக மேசையைத் தொட்டதும் ஒரு நானோ நொடி அளவில் பல ஆம்பியரைக் கொட்டும். நடுவில் 1,500 ஓம் கிடையாது. கையில் ஸ்ட்ராப், அதாவது உடலை எர்த்தோடு இணைக்கும் மணிக்கட்டுப் பட்டை, போட்டிருந்தாலும் இதைத் தடுக்காது. தம்பியின் ஐந்து ஓட்டைகளும் இந்த ஜாதிதான்.

"நம்ம ஊர் ஈரத்துல ஸ்டாட்டிக் எங்கண்ணே?" என்பார்கள். ஈரம் வெளியே இருக்கிறது. உள்ளே ஏர்கான் காற்றைக் காயவைக்கிறது, குளிருக்கு நாமோ பாலியெஸ்டர் ஃபிளீஸ் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சோதனை மேசையில் உட்காருகிறோம்!

ஜாக்கெட்டுக்கு மேல் ஸ்டாட்டிக்கைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்டி கோட் போடுங்கள். ஸ்ட்ராப்பைத் தினமும் சோதியுங்கள். அதிலுள்ள 1 மெகாஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேரடியாக எர்த் செய்யாதீர்கள், அது உங்கள் உயிருக்காக. கோப்பிப் பொட்டலம், செலோடேப், பிளாஸ்டிக் ஃபைல் எல்லாம் மேசையிலிருந்து ஓரடிக்கு அப்பால் போகட்டும். பிளாஸ்டிக்கை எர்த் செய்ய முடியாது, தள்ளிவைக்க முடியாவிட்டால் அயனிகளை ஊதி மின்னேற்றத்தைச் சமன்செய்யும் அயனைசர் வேண்டும். சிப் போடும் ரோஸ் நிறப் பை, உரசலில் மின்னேறுவதைத்தான் குறைக்கும். வெளியிலிருந்து வரும் அடியைத் தடுப்பது வெள்ளி நிறப் பை. சிங்கப்பூர் சிம் லிம் டவர் கடைகளில் ஒன்றிரண்டு சிப் வாங்கும் மாணவர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். பழுதான சிப்பையும் வெள்ளிப் பையிலேயே அனுப்புங்கள், செத்ததுதானே என்று விடாதீர்கள். வழியில் இன்னொரு அடி வாங்கினால், முதல் காயம் எது, இரண்டாவது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.